அறிக்கையில் ‘தெளிவற்றது’ என்றிருந்தால்

ஹெர்ப்பீஸ் இரத்தப் பரிசோதனை அறிக்கையுடன் எங்களிடம் வருவோர் பெரும்பாலும் ஒன்றையே கேட்கின்றனர்: “இருக்கிறதா, இல்லையா?” அறிக்கையிலோ 1.02 போன்றதோர் எண்ணும், அதனருகே ‘ஈக்விவோக்கல்’ என்ற சொல்லும் மட்டுமே காணப்படும்.

இப்பரிசோதனை கிருமியைத் தேடுவதில்லை; கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கும் ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருளையே அளக்கிறது. பல ஆய்வகங்கள் 0.9க்குக் கீழிருந்தால் ‘இல்லை’ என்றும், 1.1க்கு மேலிருந்தால் ‘உண்டு’ என்றும் கொள்கின்றன. இடைப்பட்டதே தெளிவற்றது. அவ்வெண் நோயின் கடுமையைக் காட்டுவதன்று.

தொற்று நேர்ந்த சில வாரங்களுக்குள் இரத்தம் எடுத்திருந்தால் எதிர்ப்பொருள் போதிய அளவு உருவாகியிராது. ஆகவே, ஐயத்திற்குரிய தொடர்பு நிகழ்ந்து 12 வாரங்கள் கடந்தபின், கூடியவரை அதே ஆய்வகத்தில், மீண்டும் பரிசோதிப்பது முறை. இரண்டாம் வகைக் கிருமிக்கான எண் 1.1க்கு மேலிருந்தும் 3ஐ எட்டவில்லையெனில் அதையும் முடிவாகக் கொள்ளலாகாது. தொற்றே இல்லாதவர்க்கும் அவ்வாறு வருவதுண்டு. வேறு முறையிலான மற்றொரு பரிசோதனையால் அதை உறுதிப்படுத்த வேண்டும். அவற்றுள் நம்பகமானது வெஸ்டர்ன் பிளாட். ஆயினும் அது எல்லா இடங்களிலும் கிடைப்பதில்லை. ஐ.ஜி.எம். பரிசோதனைக்குப் பணம் செலவிட வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. பழைய தொற்று மீண்டும் தலைகாட்டும்போதும் அது தோன்றக்கூடும். வகையையும் பிரித்துக் காட்டாது.

கொப்புளமோ புண்ணோ தோன்றினால் இரத்தப் பரிசோதனைக்குக் காத்திராமல் உடனே வாருங்கள். முதல் 48 மணி நேரத்திற்குள் புண்ணிலிருந்து எடுக்கும் மாதிரியை பி.சி.ஆர். முறையில் சோதித்தால் கிருமியையே அடையாளம் காண இயலும். மருந்துக்கடைக் களிம்பைத் தடவிப் புண் ஆறியபின் வந்தால் அவ்வாய்ப்பு நழுவிவிடும்.

பெயரால் விளையும் குழப்பமும் ஒன்றுண்டு. நம் ஊர்களில் காவி குழைத்து எழுதும் அக்கிக்கும் மருத்துவப் பெயர் ‘ஹெர்ப்பீஸ் ஜோஸ்டர்’. அது சின்னம்மைக் கிருமியால் வருவது; பால்வினை நோயன்று. முதியவரின் மருத்துவச் சீட்டில் ‘ஹெர்ப்பீஸ்’ என்று கண்டு வீட்டார் முகம் சுளிக்க வேண்டியதில்லை.

இல்லறத்தில் ஐயம் எழுப்பும் அறிக்கைகளைப் பற்றியும் கூறியாக வேண்டும். தொற்று எப்போது வந்தது, எவரிடமிருந்து வந்தது என்பதை எந்த இரத்தப் பரிசோதனையும் சொல்லாது. முதல் வகைக் கிருமி பெரும்பாலும் சிறுவயதிலேயே தொற்றுவது. 50 வயதுக்குட்பட்டோரில் ஏறத்தாழ 64 விழுக்காட்டினருக்கு அது இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கணிக்கிறது. இரண்டாம் வகையும் ஆண்டுக்கணக்கில் அறிகுறியின்றி உடலில் தங்கக்கூடும். தெளிவற்ற ஓர் எண்ணைக் கொண்டு வாழ்க்கைத்துணையைக் குற்றவாளியாக்குவது நியாயமன்று.

முடிவு தெரியும்வரை ஆணுறை பயன்படுத்துங்கள். புண் இருக்கும் நாட்களில் உறவைத் தவிருங்கள். கருவுற்றிருப்போர் மகப்பேறு மருத்துவரிடம் இதை மறைக்கலாகாது; பேறுகாலத்தை ஒட்டிப் புதிதாகத் தொற்றினால் சிசுவுக்கு ஆபத்து மிகுதி.

மறுபரிசோதனைக்கு வருகையில் முந்தைய அறிக்கைகள் அனைத்தையும் கொண்டுவாருங்கள். ஐயத்திற்குரிய தொடர்பு நிகழ்ந்த நாளையும் நினைவில் கொண்டு வாருங்கள். அதனைத் தனியறையில் மட்டுமே கேட்போம். உடன் வந்தோரைச் சற்று வெளியே அமரச் சொல்வோம்.