சருகு வாரினால் முளைக்கும் காளான்

இலையுதிர் காலம் பிறந்தால் ஜப்பானியர் வழிமேல் விழிவைத்துக் காத்திருப்பது மாட்சுடாகே காளானுக்காக. குடை விரியாத இளங்காளானுக்குத்தான் விலை அதிகம். தடித்த தண்டையும் பழுப்புச் செதில் படிந்த குடையையும் இணைத்து ஒரு மெல்லிய சவ்வு மூடியிருக்கும். அது கிழியுமுன் பறித்துவிட வேண்டும். முகர்ந்து பார்த்தால் இலவங்கப்பட்டையும் பைன் பிசினும் கலந்த வாசம்.

சிப்பிக்காளானை வைக்கோலில் வளர்த்துவிடலாம். மாட்சுடாகே அப்படி வளராது. உயிருள்ள பைன் மரத்தின் வேரைத் தன் இழைகளால் போர்த்திக்கொண்டு, மண்ணிலுள்ள நீரையும் தாதுக்களையும் மரத்துக்குக் கொடுக்கிறது. பதிலுக்கு இலைகள் தயாரித்த சர்க்கரையை வாங்கிக்கொள்கிறது. மண்ணுக்குள் வெண்பாளமாகத் திரளும் இந்த இழைகளை ஜப்பானியர் 'ஷிரோ' என்கிறார்கள். ஷிரோ ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வெளிப்பக்கம் பரவ, அதன் விளிம்பில் காளான்கள் வளையமாக முளைக்கின்றன.

சத்து நிறைந்த மண் இதற்கு ஆகாது. அங்கே மற்ற பூசணங்கள் முந்திக்கொள்ளும். முன்பு ஜப்பானில் கிராமத்தை ஒட்டிய குன்றுகளில் மக்கள் விறகு வெட்டினார்கள், எருவுக்காகச் சருகு வாரினார்கள். மண் மெலிந்தது, வெயில் தரையைத் தொட்டது, சிவப்புப் பைன் செழித்தது, காளானும் பெருகியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் எரிவாயுவும் ரசாயன உரமும் வந்ததும் குன்றுக்குப் போக ஆளில்லை. சருகு மட்கி மண் கொழுத்தது. அகன்ற இலை மரங்கள் எழுந்து பைனுக்கு நிழல் கட்டின. போதாக்குறைக்கு, வட அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு நூற்புழு, வண்டுகள் வழியாகப் பரவிப் பைன் மரங்களைக் கொத்துக் கொத்தாகக் கொன்றது. 1941-இல் சுமார் 12,000 டன் கிடைத்த நாட்டில் இப்போது பல ஆண்டுகளில் 100 டன்கூடத் தேறுவதில்லை.

கொரியா, சீனாவின் யுன்னான், திபெத், பூட்டான், எங்கோ இருக்கும் பின்லாந்து, ஸ்வீடன் வரை இக்காளான் உண்டு. ஆனாலும் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2020-இல் இதை அழிவாய்ப்புள்ள இனமாகப் பட்டியலிட்டது. பிஞ்சுக் காளானுக்காக மண்ணைக் கிளறினால் ஷிரோ சிதையும். அதைத் தடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஜப்பானில் காளான் குறைந்ததற்குப் பறித்தவர்கள் மட்டும் காரணமல்ல, காட்டைக் கைவிட்டதே பெரிய காரணம். கியோட்டோ பகுதியில் தன்னார்வலர்கள் புதர் வெட்டி, மறுபடி சருகு வாருகிறார்கள். வெறும் தடை உத்தரவைவிட அந்த உழைப்புதான் மாட்சுடாகேவைக் காப்பாற்றும் என்று நான் நம்புகிறேன்.