ராயபுரத்துக்கு நேர் கிழக்கே ஒரு எரிமலை

ராயபுரம் கடற்கரையிலிருந்து ஏறக்குறைய நேர் கிழக்கே கோடு போட்டால், 1,500 கி.மீ.க்குச் சற்று முன்பே பாரன் தீவு வந்துவிடும். இந்தியாவில் இன்றைக்கும் உயிரோடு இருக்கிற ஒரே எரிமலை. நம்ம துறைமுகத்திலிருந்து கப்பல் போகிற போர்ட் பிளேருக்கு (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) வடகிழக்கே சுமார் 140 கி.மீ.

தீவு என்று தெரிவது உச்சி மட்டும்தான்: அகலம் 3 கி.மீ. சொச்சம், உயரம் 350 மீட்டர் போல. அடிவாரம் கடலுக்குள் 2 கி.மீ.க்கும் கீழே. பழைய மலையின் நடுப்பகுதி என்றைக்கோ சரிந்து பெரிய கிண்ணமாகிவிட்டது. அதற்குள் முளைத்த கூம்புதான் இப்போது புகைகிறது.

ஏன் அங்கே? எண்ணூரும் வங்கக் கடலின் தரையும் ஒரே இந்தியத் தட்டின் மேல் இருக்கின்றன. அந்தமானுக்கு மேற்கே அந்தத் தட்டு பர்மா தட்டுக்கு அடியில் செருகிக்கொண்டு போகிறது. உள்ளே போற தட்டே உருகி லாவாவாக வருதுன்னு பலர் நினைக்கிறார்கள். முக்கியமாக உருகுவது அதுவல்ல. தட்டு தன் பாறைகளில் கடல்நீரையும் பிடித்து இழுத்துப் போகிறது. ஆழத்தில் அழுத்தமும் சூடும் ஏற ஏற அந்த நீர் பிரிந்து, மேலே இருக்கிற மேன்டில் பாறைக்குள் ஏறுகிறது. நீர் சேர்ந்த பாறை குறைந்த வெப்பத்திலேயே உருகும். குல்ஃபி வண்டிக்காரர் ஐஸில் உப்பைப் போடுகிறாரே, கிட்டத்தட்ட அதே கதை.

பதிவுகள் 1787-இல் தொடங்குகின்றன. 1789-இல் ஆர்ச்சிபால்ட் பிளேர், ஊருக்குப் பெயர் தந்தவரேதான், மலை குமுறுவதைப் பார்த்து எழுதி வைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் அடங்கிப்போன மலை 1991-இல் திரும்ப வெடித்து, லாவா கடல் வரை ஓடியது. பிறகு 1994-95, 2005, 2017.

இதில் 2005தான் நம்மை உறுத்துவது. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் முடிந்து ஐந்தே மாதத்தில் மலை விழித்தது. அதுதான் காரணமா? இருக்கலாம். ஆனா லாக் ஃபைலில் ஒரு வரிக்கு அடுத்து இன்னொரு வரி வந்துவிட்டால் முதல் வரி காரணமாகிவிடாது. முன்பும் நான்கு வருடத்தில் இரண்டு முறை வெடித்த மலை அது.

"அந்தமான்ல எரிமலை வெடிச்சிடுச்சு" என்று வாட்ஸ்அப்பில் வந்தால் காசிமேட்டில் முதல் கேள்வி, அலை வருமா என்பதுதான். நியாயமான கேள்வி. 2018-இல் இந்தோனேசியாவில் அனாக் கிரகட்டோவா மலைச்சரிவு சுனாமியை எழுப்பியது. ஆனால் பாரன் தீவு 1991 முதல் கக்கியதெல்லாம் சாம்பலும் லாவாவும்தான். 2004 அலையைக் கிளப்பியது எரிமலை அல்ல, அதே தட்டு எல்லையில் சுமார் 1,300 கி.மீ. நீளத்துக்குக் கடல்தரை பிளந்து நகர்ந்தது. என்னைக் கேட்டால், பயப்பட வேண்டியது புகைகிற கூம்புக்கு அல்ல, சத்தமில்லாமல் இறுகிக்கொண்டிருக்கும் அந்த எல்லைக்கு.

அன்றைக்கு அலை சென்னைக்கு வர இரண்டரை மணி நேரம் போல ஆனது. அவ்வளவு நேரம் இருந்தும் கரைக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை. 2007-இலிருந்து ஹைதராபாத்தில் உள்ள சுனாமி எச்சரிக்கை மையம் அந்த எல்லையை இரவு பகலாகக் கவனிக்கிறது.