குரோஷே ஊசியும் ஒரு பிடிதுணியும்

கொதிக்கும் பாத்திரத்தை அடுப்பினின்றும் இறக்குதற்குதவும் பிடிதுணியைப்பற்றிக் கலாசாலைச் சஞ்சிகையில் எழுதப் புகுந்தமை சிலர்க்கு நகை விளைக்கலாம். யாப்பும் அணியும் பயிலும் தமிழ் ஆனர்ஸ் மாணவர்க்கு ஊசியோடு யாது உறவு என வினவுவாரும் உளர். சென்ற கோடை விடுமுறைவரை யாமும் அக்கருத்தினராகவே இருந்தோம். நீரிழிவினால் விழித்திரை பழுதுற்றுப் பார்வை பெரிதும் மங்கிய எம் பாட்டியார், தாம் நெடுங்காலம் கையாண்ட குரோஷே ஊசியை ஒருநாள் எம் கையிற் கொடுத்து, "நான் சொல்லச் சொல்ல நீ பின்னு, ராசா" என்றார். எம் அன்னையார் பள்ளியிற் பயின்ற காலத்துச் சம்பளப் பணம் அவ்வூசியினால் ஈட்டப்பட்டது என்பதை யாம் அறிவோம். ஆகலின் மறுத்தற்கு நா எழவில்லை.

குரோஷே என்பது பிரெஞ்சு மொழியிற் சிறு கொக்கி எனப் பொருள்படும் சொல். நுனியில் வளைவுடைய ஓர் ஊசியே கருவி. கம்பளிச் சட்டை பின்னுவார் இரண்டு ஊசி கொண்டு, ஒரு வரிசைக்குரிய கண்ணிகள் அனைத்தையும் ஊசியிலேயே நிறுத்தி வைப்பர். ஒரு கண்ணி நழுவின் அது கீழ்வரிசைகள் பலவற்றையும் அவிழ்த்துக்கொண்டு இறங்கும். குரோஷேயிலோ ஒரு பின்னல் முற்றுப்பெற்ற பின்னரே அடுத்தது தொடங்கும். ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் வேளையில் ஊசியில் நிற்பது ஒரே கண்ணி. நூலை இழுத்தால் வேண்டுமளவும் அவிழ்த்து மீண்டும் பின்னலாம். கற்பார்க்கு இதனினும் இரக்கமுள்ள தொழில் பிறிதில்லை.

தொடங்குவார் சற்றே தடித்த பருத்தி நூலும், 4 மில்லிமீட்டர் பருமனுள்ள ஊசியும் கொள்க. அக்ரிலிக் போன்ற செயற்கை நூல் சூட்டில் உருகுமாகலின் பிடிதுணிக்கு ஆகாது. நூல் வெளிர்நிறமாக இருத்தல் நன்று. கருநூலிற் கண்ணி புலப்படாமையால் கண் நோவதே பயன்.

முதற்கண் நூலின் தலைப்பில் ஒரு சுருக்குக் கண்ணி இட்டு, அதனுள் ஊசியைச் செலுத்துக. நூலை ஊசியின்மேற் சுற்றி, கொக்கியால் அக்கண்ணியினூடே இழுக்க ஒரு சங்கிலிக் கண்ணி பிறக்கும். இவ்வாறு 26 கண்ணிகள் வேண்டும். புதியவர் அச்சத்தால் நூலை இறுக்கிப் பிடிப்பர். அங்ஙனம் இறுகிய சங்கிலியில் ஊசி நுழையாது. எமது முதற் சங்கிலியைப் பாட்டியார் தடவிப் பார்த்து, "இது சங்கிலி அல்ல, கம்பி" என்றார்.

இனி அடிப்படைப் பின்னல். ஊசியருகே உள்ள கண்ணியை விடுத்து, அதற்கடுத்ததில் ஊசியை நுழைக்க. நூலைச் சுற்றி இழுக்க. ஊசியில் இப்போது இரண்டு கண்ணிகள் இருக்கும். மறுமுறையும் நூலைச் சுற்றி, அவ்விரண்டினூடேயும் ஒருங்கே இழுக்க. அவ்வளவே. சங்கிலி முற்றும் இவ்வாறு செய்யின் 25 பின்னல்கள் அமையும். இதனை அமெரிக்கர் சிங்கிள் குரோஷே என்பர். ஆங்கிலேயர் டபிள் குரோஷே என்பர். பெயரை மட்டும் நம்பி எந்நாட்டு முறை என ஆராயாது பின்னத் தொடங்கின், துணி தொட்டிற் சீலைபோல் தொய்ந்து நீள்வதற்கும் இடமுண்டு.

வரிசையின் இறுதியில் ஒரு சங்கிலிக் கண்ணியிட்டு வேலையைத் திருப்புக. எமக்கு இடர் விளைந்தது இவ்விடத்திலேதான். அச்சங்கிலிக் கண்ணி உயரத்திற்காக இடப்படுவதேயன்றி ஒரு பின்னலாக எண்ணப்படுவதன்று. யாமோ அதனையும் ஒன்றாகக் கருதி, ஒவ்வொரு வரிசையிலும் முதற் பின்னலை விட்டு இரண்டாவதில் ஊசியை நுழைத்தோம். பத்து வரிசை முடிந்தபோது சதுரமாதல் வேண்டிய துணி முறம்போல் ஒடுங்கிக் கிடந்தது. நூலின் குற்றம், ஊசியின் குற்றம் என யாம் காரணம் தேடிக்கொண்டிருக்க, பாட்டியார் மேல்விளிம்பை விரல் நுனியால் ஒருமுறை தடவிச் சென்று, "பதினாறுதானே இருக்கிறது? ஒன்பதை எங்கே விட்டாய், ராசா?" என்றார். கண்ணால் இருமுறை எண்ணினோம், பதினாறே. வெண்பாவின் ஈற்றடி ஒரு சீர் குறைந்து முச்சீராய் நிற்றல் இலக்கணம். பிடிதுணியின் அடிகட்கு அச்சலுகை இல்லை என அன்று கண்டோம்.

இதற்கு அவர் கூறிய பரிகாரம் எளியது. ஒவ்வொரு வரிசையின் முதற் பின்னலிலும் ஓர் ஊக்கைக் குத்துக. திரும்பி வருகையில் ஊக்கு நிற்கும் இடமே கடைசிப் பின்னல், அதனை விடலாகாது. துணியைக் குறுக்கே மூலைக்கு மூலை மடிக்க, விளிம்புகள் பொருந்துமாயின் சதுரம் நிறைவுற்றது. எமக்கு 28 வரிசை வேண்டியிருந்தது. ஆக, ஒரு சதுரத்திற்கு 700 பின்னல். சூடு தாங்க இரண்டு சதுரங்களை இணைக்க வேண்டுதலின் 1400. இணைக்கும்போது இரு விளிம்பிலும் ஊசியை ஒருங்கே செலுத்தி அதே பின்னலால் சுற்றி வருக. மூலைதோறும் மூன்று பின்னல் இடாவிடின் துணி சுருளும்.

ஆயிரத்து நானூறு என்னும் அவ்வெண் எம்மை உறங்கவிடவில்லை. என்னை? நெசவுக்கும் இரண்டூசிப் பின்னலுக்கும் இயந்திரங்கள் உண்டு. குரோஷேயோ இன்றளவும் கைத்தொழிலே. கடையில் எத்துணைக் குறைந்த விலைக்கு ஒரு குரோஷேப் பை தொங்கினும், யாரோ ஒருவர் விரல் அதன் கண்ணி ஒவ்வொன்றையும் இழுத்திருத்தல் வேண்டும். 1845-இல் அயர்லாந்தில் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் இவ்வூசியே பல குடும்பங்கட்குச் சோறிட்டது. குளோன்ஸ் என்னும் ஊரில் 1847-இல் கஸாண்டிரா ஹாண்டு என்னும் குருவின் மனைவியார் இதனை ஏழைப் பெண்கட்குத் தொழிலாக்கினார். நம் நாட்டிலும் கோதாவரிக் கழிமுகத்து நரசாப்பூரில் 19-ஆம் நூற்றாண்டில் மிஷனெரி மாதர் வாயிலாக இது வேரூன்றியது. அங்குள்ள பெண்டிர் உலகச் சந்தைக்குப் பின்னியும், இல்லத்தரசியர் எனவே கருதப்பட்டு, அவர்தம் உழைப்பு ஓய்வுநேர வேலையென்று தள்ளப்பட்டமையை மரியா மீஸ் என்னும் ஜெர்மானிய அம்மையார் 1982-இல் வெளிவந்த தம் நூலில் விளக்கினார். 2024-இல் அப்பின்னலுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துள்ளது. கூலி அதற்கேற்ப உயருமோ என்பதே எம் வினா. எம் பாட்டியாரும் தம் வேலையை வேலையென்று ஒருநாளும் சொன்னவரல்லர். "சும்மா இருந்த நேரத்துக்கு" என்பார். அன்னையாரின் பள்ளிச் சம்பளம் சும்மா இருந்த நேரத்தில் எங்ஙனம் வந்தது என்று யாம் அதுவரை கேட்டதில்லை.

விடுமுறை முடிவதற்கு இரண்டுநாள் முன்னர்ப் பிடிதுணி நிறைவெய்தியது. ஆணியில் மாட்டுதற்கு மூலையிற் பன்னிரண்டு சங்கிலிக் கண்ணியால் ஒரு வளையமும் இட்டோம். பாட்டியார் அதனை மடிமேல் விரித்து, வரிசை வரிசையாகத் தடவினார். நடுவில் விரல் நின்றது. "இங்கே ஒன்று கூடிவிட்டது" என்றார். அப்படியே இருந்தது: பதினேழாம் வரிசையில் 26, அடுத்த வரிசையில் யாம் ஒருவருமறியாமல் ஒன்றைக் குறைத்துச் சரிக்கட்டியிருந்தோம். அவிழ்த்துப் பின்னட்டுமா என்று கேட்டோம். வேண்டாமெனத் தலையசைத்து, துணியை அன்னையாரிடம் நீட்டினார். அன்றிரவு சோற்றுப்பானை அதனாலேயே இறக்கப்பட்டது.