ஆபத்து வேளையில் ஆணையிடுபவர் யார்?

1908-ஆம் ஆண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் மூசி நதி பெருக்கெடுத்து ஹைதராபாத் நகரினுள் புகுந்தது. மாண்டோர் பல்லாயிரவர். அப்ஜல்கஞ்சில் ஒரு புளிய மரத்தின்மீது ஏறிய சுமார் 150 பேர் உயிர் பிழைத்தனர். உஸ்மானியா மருத்துவமனை வளாகத்தில் நிற்கும் அம்மரத்தை நம் அன்பர்கள் பலர் கண்டிருப்பர்.

அன்று துணை நின்றது மரம். இன்று துணை நிற்க இலாகாக்கள் பல. 2020 அக்டோபரில் நகரம் மீண்டும் வெள்ளத்தில் மூழ்கியபோது மாநகராட்சியின் மீட்புப் படை, போலீஸ், தேசியப் பேரிடர் மீட்புப் படை, ராணுவம் ஆகிய யாவும் களத்தில் இறங்கின. இத்தனை பேர் படகும் கயிறுமாக ஒரே பேட்டைக்குள் நுழைந்தால், யார் சொல்லை யார் கேட்பது?

இவ்வினா முதலில் கூர்மையாக எழுந்தது அமெரிக்காவில். 1970-இல் கலிபோர்னியக் காட்டுத் தீ 13 நாட்களில் 16 உயிர்களைக் கொண்டது. அணைக்க வந்த படைகளுக்கு ஆட்களோ கருவிகளோ இல்லாத குறையன்று. ஒரு படையின் வானொலிப் பேச்சு மற்றொன்றுக்குக் கேட்கவில்லை, ஒரே பொருளுக்கு ஆளுக்கொரு பெயர் வழங்கினர். அந்த அனுபவத்தில் பிறந்த முறையை நம் நாட்டிற்கு ஏற்ப வகுத்து, தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-இல் வெளியிட்டது. மாவட்டத்தில் கலெக்டரே பொறுப்பதிகாரி. களத்தில் ஒரு தலைவர். அவருக்குக் கீழ் மீட்பு, திட்டம், தளவாடம் என மூன்று பிரிவுகள். ஒருவருக்கு மேலதிகாரி ஒருவரே. ஒருவரின் மேற்பார்வையில் ஐவர், மிஞ்சினால் எழுவர். பல இலாகாக்களுக்குச் சம பொறுப்பு இருப்பின் அவற்றின் தலைவர்கள் ஒன்றாக அமர்ந்து ஒரே திட்டம் வகுக்க வேண்டும். சொல்வது எளிது, சீருடைகள் வேறாயிருக்கையில் அமர்வதுதான் அரிது!

2022 ஆகஸ்டில் பஞ்சாரா ஹில்ஸில் திறக்கப்பட்ட போலீஸ் கட்டுப்பாட்டு மையத்தில் பல இலாகாவினரும் ஒரே கூடத்தில் கூட இடமுண்டு. வரவேற்கத்தக்கதே. ஆயினும் முதல் சில நிமிடங்களில் அக்கூடத்தில் இருப்போரால் ஆவது குறைவு. களத்தில் இருப்பவனே அப்போது தலைவன்.

ரயில்வேயில் இதற்கு வழி உண்டு. வண்டி தடம் புரண்டால் உயர் அதிகாரி வரும்வரை கார்டே பொறுப்பாளர். 2022 முதல் அவருக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். என்ஜின் ஓட்டுநர், டிக்கெட் பரிசோதகர், பெட்டிப் பணியாளர் அனைவரும் அவர் சொற்படி நடப்பர். பின்னர் மேலதிகாரி வந்ததும், அடிபட்டோர் எத்தனை, எந்தப் பெட்டியில் இன்னும் ஆட்கள் சிக்கியுள்ளனர் என்று நிலைமையை எடுத்துரைத்துப் பொறுப்பை ஒப்படைத்த பிறகே அவர் விலகலாம்.