பாட்டுக் கேட்டால் வயது குறையுமா?

பீட்டில்ஸ் குழுவின் 'வென் ஐயாம் சிக்ஸ்டி ஃபோர்' பாட்டைக் கேட்ட மாணவர்களின் சராசரி வயது, ஓர் ஆய்வின் கணக்குப்படி, 20.1. வேறோர் இசையைக் கேட்டவர்களுக்கு 21.5. பாட்டு வயதைக் குறைத்துவிட்டது; புள்ளியியல் சோதனையும் அதற்குத் தலையாட்டியது!

2011இல் இதை வெளியிட்டவர்கள் சிம்மன்ஸ், நெல்சன், சைமன்சன். மூவருமே வணிகப் பள்ளிப் பேராசிரியர்கள். வேண்டிய முடிவை வரவழைப்பது எவ்வளவு சுலபம் என்று அம்பலப்படுத்தவே இந்தக் கூத்து. பொய்த் தரவு ஒன்றுகூட இல்லை. மாணவர்களிடம் ஏதேதோ கேட்டுவிட்டு, தந்தையின் வயதை மட்டும் கணக்கில் சேர்த்தார்கள். எத்தனை பேர் என்று முன்கூட்டியே முடிவு செய்யாமல், நடுநடுவே கணக்குப் பார்த்து, சாதகமாக வந்ததும் நிறுத்தினார்கள். மூன்றாவதாக ஒரு குழந்தைப் பாட்டும் ஒலித்தது. அதைப் பற்றி முதலில் மூச்சே விடவில்லை. பிறகு அதே கட்டுரையில் எல்லாவற்றையும் போட்டு உடைத்தார்கள்.

மேலாண்மை ஆய்விதழ்களிலும் புள்ளியியல் சோதனையில் தேற 0.05தான் வாசற்படி. அதாவது, விளைவே இல்லாதபோதும் தற்செயலாக இப்படியொரு முடிவு வரும் வாய்ப்பு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரே ஒரு சோதனைக்கு இது நல்ல வடிகட்டி. ஆனால், ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத 20 சோதனைகள் செய்தால், வெறும் தற்செயலாகவே ஒன்றாவது தேறும் வாய்ப்பு 64 சதவீதம். தேறியதை மட்டும் எழுதினால் யாருக்குத் தெரியப்போகிறது?

சில வேளை தெரிந்துவிடும். ஓபாயில் என்ற மேலாண்மை ஆய்வாளரின் குழுவினர் 142 முனைவர் பட்ட ஆய்வேடுகளை, அவற்றிலிருந்து வந்த ஆய்விதழ்க் கட்டுரைகளோடு ஒப்பிட்டு 2017இல் 'ஜர்னல் ஆஃப் மேனேஜ்மென்ட்' இதழில் எழுதினார்கள். ஆய்வேடுகளில், தேறாத 100 கருதுகோள்களுக்குத் தேறியவை 82. கட்டுரைகளில் அதுவே 194! தேறாதவை கழற்றிவிடப்பட்டிருந்தன, புதியவை நுழைந்திருந்தன, சிலவற்றின் திசையே திருப்பப்பட்டிருந்தது. தரவு மாறிய இடங்களும் உண்டு.

முடிவைப் பார்த்துவிட்டு, 'இதைத்தான் முதலிலேயே ஊகித்தோம்' என்று எழுதும் பழக்கத்தை 1998இலேயே நார்பர்ட் கெர் என்ற உளவியலாளர் கண்டித்தார். இருப்பதிலேயே மோசம் இதுதான் என்பேன். கட்டுரையை மட்டும் படிப்பவர் இதைக் கண்டுபிடிக்கவே வழியில்லை.

கருதுகோளையும் கணக்கிடும் முறையையும் ஆய்வுக்கு முன்பே பொதுவில் பதிவுசெய்யும் ஏற்பாடு இப்போது இருக்கிறது. 'ஊழியர் உற்பத்தித்திறன் உயர இதுவே வழி: ஆய்வில் தகவல்' என்று அடுத்த முறை செய்தி வந்தால், முன்பதிவு செய்த ஆய்வா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால், வேறொருவர் அதே ஆய்வைச் செய்து அதே முடிவைக் காட்டும்வரை உங்கள் அலுவலகத்தில் எதையும் மாற்றாதீர்கள்.