சருகும் எருவும்

பூந்தமல்லியை அடுத்த காட்டுப்பாக்கம் போன்ற புறநகர்களில், மாசி பங்குனியில் வேம்பு உதிர்க்கும் சருகும் கழித்த முருங்கைக் கிளையும் பல வேளைகளில் தெருவோரம் கொளுத்தப்படுகின்றன. எருவாகக்கூடியதைப் புகையாக்குவது வீண்செயலே. 1924 முதல் 1931 வரை இந்தூரில் ஆய்வு நடத்திய ஆல்பர்ட் ஹோவர்டு வகுத்த ‘இந்தூர் முறை’யில், தாவரக் கழிவும் சாணமும் அடுக்கடுக்காக இடப்பட்டு, காற்றுப் புகும்படி இடையிடையே புரட்டப்பட்டு, ஏறத்தாழ மூன்று மாதங்களில் மட்குகின்றன.

மட்குதல் என்பது நுண்ணுயிர்கள் கழிவைச் சிதைக்கும் வினை. அவற்றுக்கு ஆற்றல் தரும் கார்பன் காய்ந்த சருகிலும், உடல் வளர்க்கும் நைட்ரஜன் பசுந்தழை, காய்கறித் தோல், சாணம் ஆகியவற்றிலும் மிகுந்திருப்பதால், கன அளவில் சருகு இரண்டு பங்கும் பச்சைக் கழிவு ஒரு பங்குமாகக் கலப்பது பொருந்தும். ஒரு மீட்டர் உயரமுள்ள குவியலின் நடுப்பகுதி 55 பாகை செல்சியசுக்கு மேலும் சூடேறிக் களை விதைகளை அழிக்கிறது. சிறு தொட்டியில் அச்சூடு நிற்பதில்லை, எனினும் தாமதமாகுமே தவிர எரு கெடுவதில்லை.

ஒரு பிடி அள்ளிப் பிழிந்தால் ஓரிரு சொட்டு நீர் கசியும் ஈரமே போதுமானது. அதனினும் மிகுந்து அழுகல் நாற்றம் எழுமாயின் சருகைக் கூட்டிக் கிளற வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் குவியலின்மேல் தார்ப்பாய் இடுவது இன்றியமையாதது.