அறுந்துபோன குளிர்க் கம்பிகள்

கண்ணுக்கு லேசிக் அறுவை சிகிச்சை செய்து ஒன்றரை வருடம் ஆன ஒரு வாசகி சேலத்திலிருந்து கேட்கிறார்: “கண்ணாடி போய்விட்டது, பார்வை நன்றாக இருக்கிறது. ஆனால் ஏசி அறையில் உட்கார்ந்தால் மணல் விழுந்த மாதிரி உறுத்துகிறது. டாக்டர் பார்த்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார். பிறகு ஏன் இப்படி?”

கண்ணீர்ச் சுரப்பி பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அதற்குச் சேதி கொண்டுபோகும் நரம்புகளைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

கருவிழியின் மேல் பரவியிருக்கும் கண்ணீர்ப் படலத்தின் தடிமன் ஏறக்குறைய 3 மைக்ரான். கண் திறந்திருக்கும் ஒவ்வொரு நொடியும் அது ஆவியாகிறது; ஆவியாகும்போது பரப்பு இம்மியளவு குளிர்கிறது. கருவிழி நரம்பு முனைகள் சிலவற்றில் டிஆர்பிஎம்8 என்றொரு புரதம் இருக்கிறது. புதினாவின் மெந்தால் பட்டால் சில்லென்று உணரச் செய்வதும் இதே புரதம்தான். ஒரு டிகிரிக்கும் குறைவான குளிர்ச்சியை இது பிடித்துவிடும். உடனே மூளைத்தண்டு வழியாகச் சுரப்பிக்கு உத்தரவு போகும். ஸ்பெயினின் அலிகாண்டேயில் கார்லோஸ் பெல்மோன்டேயின் குழு இந்தப் புரதம் இல்லாத எலிகளைப் பார்த்து 2010இல் வெளியிட்ட முடிவு அழகானது: எரிச்சலூட்டினால் அவை வழக்கம்போலக் கண்ணீர் விட்டன, நாள் முழுவதும் கண்ணை நனைக்கும் அடிப்படைக் கண்ணீர் மட்டும் குறைந்துபோயிருந்தது. ஈரத்தைக் காவல் காப்பது குளிர்!

மாடித் தண்ணீர்த் தொட்டியில் சென்சார் பொருத்திய வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். மட்டம் இறங்கினால் கீழே மோட்டார் தானாக ஓடும். லேசிக்கில் கருவிழியின் மேலடுக்கை ஒரு மூடிபோல வெட்டித் திருப்புகிறார்கள். கீல் போல விட்டுவைக்கும் பக்கம் தவிர, சுற்றிலும் நுழையும் நரம்புகள் அறுபடுகின்றன. கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மோட்டாரும் நல்ல மோட்டார், ஆனால் கம்பி அறுந்துவிட்டது. சொட்டு மருந்து விடுவது வாளியில் தூக்கிப்போய் ஊற்றுவது. இந்தக் கம்பிகள் தாமாகவே வளரும் என்பது ஆறுதல். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில் வளரும். சில இடங்களில் தப்பாக முடிச்சிட்டுக்கொள்ளும். அப்போது தொட்டி நிறைந்திருந்தாலும் ‘காலி, காலி’ என்றே அலாரம் அடிக்கும். டாக்டருக்கு ஒன்றும் தெரியாமல், நோயாளிக்கு மட்டும் வலிப்பது இதனால்தான்.

லேசிக்கில் பயன்படும் லேசரின் வரலாற்றையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் பிறந்த ரங்கசாமி ஸ்ரீனிவாசன் 1981இல் ஐபிஎம் ஆய்வகத்தில், விருந்தில் மிஞ்சிய வான்கோழி இறைச்சியில் எக்ஸைமர் லேசரைப் பாய்ச்சினார். சுற்றுப்புறம் கருகாமல் வெட்டு விழுந்தது. லேசிக் அங்கிருந்து வளர்ந்தது.

கோபம் வருவது லேசிக் விளம்பரங்கள் மேல்தான். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ பங்கேற்று நடத்திய ஆய்வில், லேசிக்குக்கு முன்பு கண் உலர்வே இல்லாதவர்களில் 30 சதவீதம் வரை, மூன்று மாதம் கழித்து உலர்வு இருப்பதாகச் சொன்னார்கள். பலருக்கு அது தீர்ந்துவிடும். தீராதவர்களை ‘வெறும் வறட்சி’ என்று அனுப்பிவிடுவது அநியாயம். சிறு துளை வழியே செய்யும் ஸ்மைல் என்ற மாற்றுச் சிகிச்சையில் வெட்டு சிறியது, உண்மை. உலர்வே வராது என்பது விற்பனைப் பேச்சு. டிஆர்பிஎம்8ஐத் தூண்டும் அகோல்ட்ரெமான் சொட்டு மருந்துக்கு 2025 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்திருக்கிறது. அருமையான யோசனை. ஆனால் தூண்டுவதற்கு நரம்பு முனை உயிரோடு இருக்க வேண்டுமே!

வாசகி டாக்டரிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. மரத்துப்போகச் செய்யும் சொட்டை விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வலி நின்றால் கோளாறு கண்ணின் பரப்பில். சொந்த ரத்தத்தின் சீரத்திலிருந்து தயாரிக்கும் சொட்டு நரம்பு வளர உதவக்கூடும். நிற்காவிட்டால் வலி உள்ளே, நரம்பு மண்டலத்தில் குடியேறியிருக்கிறது. அதற்கு நரம்பு வலிக்கான மாத்திரைகள் தேவைப்படலாம். எத்தனை பாட்டில் செயற்கைக் கண்ணீர் ஊற்றினாலும் அது தணியாது.